எட்டே முக்காலுக்கு டவுன்

ரயில் என்றால் ஆட்கள் தண்டவாளத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். எந்த வருஷம் போட்டது, எத்தனை மைல், திறந்து வைத்தது யார். ஆத்தூர் லைனில் உதவி ஸ்டேஷன் மாஸ்டராகச் சேர்ந்து, மெயின் லைனில் ஓய்வு பெற்ற எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். நான் பார்ப்பது கன்ட்ரோலரின் மேஜையில் விரிந்து கிடக்கும் சார்ட்டை. அதில் குறுக்கே நேரம், நெடுக்கே ஸ்டேஷன்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக ஏறும். சரக்கு வண்டி சரிந்து போகும். எங்கேயாவது கோடு படுத்துவிட்டால் வண்டி அங்கே நிற்கிறது என்று அர்த்தம். பாசஞ்சர் வண்டியின் கோடு அடிக்கடி படுக்கும்.

சேலம் நாமக்கல் சீமைக்கு ரயில் வந்து நூற்று அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் இந்த மண்ணில் தடங்கள் போட்டார்கள், பிடுங்கினார்கள், அகலப்படுத்தினார்கள், கம்பி கட்டி மின்சாரமும் விட்டார்கள். காலையில் வேலைக்குப் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிறவனுக்கு என்று அந்தச் சார்ட்டில் ஒரு கோட்டை முதலில் போட்டுவிட்டு மற்றதை அதற்கு மேல் போட்டதுதான் கிடையாது. சென்னைக்காரர்கள் மின்சார வண்டி என்று சர்வ சாதாரணமாகச் சொல்கிற சமாச்சாரம் இங்கே ஏன் முளைக்கவில்லை என்று கேட்டால், அதற்கு விடை முதல் தண்டவாளத்திலேயே இருக்கிறது.

மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. அதன் குறி வாலாஜா அல்ல. மேற்குக் கடற்கரையின் பேப்பூர். ஜோலார்பேட்டையிலிருந்து தெற்கே திரும்பிய தடம் பொம்மிடி, லோக்கூர், டேனிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலைக்கு மேற்குப் பக்கமாகவே இறங்கி, 1861-இல் சேலத்தை எட்டியது. 1862-இல் போத்தனூர் வரை இணைந்து, கிழக்குக் கடலும் மேற்குக் கடலும் ஒரே தடத்தில் சேர்ந்தன. மலைக்கு மேற்கே இறங்கி நேரே ஈரோட்டுக் காவிரிக்குப் போகிற தடத்துக்கு, கிழக்கே திருமணிமுத்தாற்றங்கரையில் இருந்த சேலம் ஊர் வழியில் இல்லை. ஊரிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்தில் ஸ்டேஷன் அமைந்தது. சேலத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக ஜட்கா வண்டி பிடித்து ரயிலுக்குப் போனார்கள். ரயில் தங்கள் ஊருக்கு வந்ததாக அவர்கள் நினைத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கம்பெனிக்கு அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. போட்ட முதலுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம் என்று அரசாங்கமே உறுதி தந்திருந்தது. சேலத்துச் செவ்வாப்பேட்டை நெசவாளி ஏறினாலும் ஒன்று, ஏறாவிட்டாலும் ஒன்று. அந்தக் காலத்து ஸ்டேஷன்களின் போர்டுகளைப் பாருங்கள். வீரபாண்டி ரோடு, ஏத்தாப்பூர் ரோடு, மேச்சேரி ரோடு. ஊர் அங்கே இருக்கிறது, நீங்கள் இங்கே இறங்கி நடந்துகொள்ளுங்கள் என்பதுதான் அந்த 'ரோடு'. திருச்செங்கோடு அவ்வளவு பெரிய ஊர். மலைமேல் அர்த்தநாரீசுவரர், கீழே கைத்தறி, பிற்காலத்தில் நாடு பூராவும் ஆழ்துளைக் கிணறு போடப் போகிற ரிக் வண்டிகள். அதற்கு இன்றுவரை ஸ்டேஷன் இல்லை. சங்ககிரிக்கோ ஈரோட்டுக்கோ போய்த்தான் ரயில் ஏற வேண்டும்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அன்றைய சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை 1871 கணக்கில் 19 லட்சத்துக்கு மேல்; 1881-இல் 16 லட்சத்துக்கும் கீழே. மெயின் லைனை ஒட்டி தானியம் வந்து இறங்கிய இடத்திலிருந்து உள்ளூர்களுக்குக் கொண்டுபோக மாட்டுக்கும் தீனி இல்லை. அதன் பாடமாகத்தான் 1905-இல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், 1906-இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் இரண்டரை அடி அகலச் சின்ன ரயில் போட்டார்கள். தர்மபுரித் தடம் பிறகு ஓசூர் வரை நீண்டது. பஞ்சத்துக்குப் போட்ட ரயில் பஞ்சம் இல்லாத நாளில் நஷ்டக் கணக்குத்தானே காட்டும்? உலக யுத்தம் முடிவதற்குள் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர் அதில் தினசரி ஏறியிருந்தால்கூட யாரும் அவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மேட்டூர்க் கிளையும் இதே ஜாதிதான். அணை கட்டும் வேலை 1925-இல் ஆரம்பம். சாமான் கொண்டுபோக 1929-இல் சேலத்திலிருந்து மேட்டூர் அணைக்குத் தடம் தயார். 1934-இல் அணையைத் திறந்து வைத்தவர் கவர்னர் ஜார்ஜ் ஃப்ரெடரிக் ஸ்டான்லி. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே வைத்தார்கள். இதே ஸ்டான்லிதான் 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜில் மின்சார ரயிலையும் தொடங்கி வைத்தவர். ஒரே கவர்னர், ஒரே சவுத் இந்தியன் ரயில்வே, இரண்டு தடங்களுக்கும் நடுவே இரண்டு வருஷ இடைவெளி. ஒரு தடம் கல்லுக்கும் சிமெண்டுக்கும். இன்னொன்று குமாஸ்தாவுக்கும் மாணவனுக்கும்.

தாம்பரம் லைனை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைக்கு மாம்பலத்துக்குத் தெற்கே பெரும்பாலும் வயலும் ஏரியும். ஜனம் இல்லாத இடத்துக்கு யார் ரயில் விடுவார்கள் என்று கணக்குப் பார்த்திருந்தால் அந்த வண்டி ஓடியிருக்காது. அடிக்கடி வண்டி, குறித்த நேரத்துக்கு வண்டி என்று முதலில் ஓட்டிக் காட்டினார்கள். குரோம்பேட்டையும் பல்லாவரமும் பிறகு தாமாகவே நிரம்பின. பம்பாயில் 1925-லேயே விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு மின்சார வண்டி ஓடத் தொடங்கிவிட்டது. ரயில்வே புத்தகத்தில் 'புறநகர்' என்ற பகுப்பு மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற சில பெருநகரங்களுக்கு மட்டும்தான் உண்டு. சேலத்துப் பாசஞ்சரில் தினசரி போகிறவன் அந்தப் புத்தகத்தில் வெறும் 'பாசஞ்சர்'.

ஏறத்தாழ அதே காலத்தில்தான் சூரமங்கலத்திலிருந்து சேலம் டவுன் வழியாக ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் என்று மீட்டர் கேஜ் தடம் முழுமையானது. இந்த லைனைப் பற்றி எனக்குப் பாரபட்சம் உண்டு. முதல் சம்பளம் வாங்கிய இடம். ஆனாலும் பாரபட்சத்தைத் தள்ளிவைத்துவிட்டே சொல்கிறேன்: இந்தச் சீமையில் ஊருக்குள் நுழைந்த ஒரே ரயில் இதுதான். ஜங்ஷனை விட்டால் அடுத்தது சேலம் மார்க்கெட். இறங்கினால் செவ்வாப்பேட்டை, லீ பஜார், வெள்ளிப்பட்டறைகள். அதற்கடுத்தது சேலம் டவுன். கலெக்டர் ஆபீஸும் பழைய பஸ் ஸ்டாண்டும் பெரிய ஆஸ்பத்திரியும் நடக்கிற தூரம். அதைத் தாண்டினால் அயோத்தியாப்பட்டணம், மின்னாம்பள்ளி, வாழப்பாடி, ஏத்தாப்பூர் ரோடு, பெத்தநாயக்கன்பாளையம், ஆத்தூர். புறநகர் ரயிலுக்கு இதைவிட லட்சணமாக ஒரு வரிசையை யாராலும் வரைந்து காட்ட முடியாது. யாரும் அப்படி நினைத்துப் போடவில்லை என்பதுதான் வேடிக்கை.

அது ஒற்றைத் தடம். இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான். அதற்குக் காவல், நீல்ஸ் பால் டோக்கன் மிஷின். மாஸ்டர் அறையில் ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும் இரும்புப் பெட்டி. உள்ளே இரும்புக் குண்டுகள். நான் அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்து லைன் கிளியர் கேட்பேன். அங்கே இருப்பவர் தன் மிஷினின் கைப்பிடியைத் திருப்பிக் கொடுத்தால்தான் என் மிஷினில் குண்டு உருண்டு வெளியே விழும். ஒன்று வெளியே வந்துவிட்டால் அது அடுத்த முனை மிஷினுக்குள் போய்ச் சேரும்வரை இரண்டு பக்கமும் இன்னொரு குண்டு வராது. அந்தக் குண்டைத் தோல் பைக்குள் போட்டு, பிரம்பு வளையத்தில் மாட்டி, பாயிண்ட்ஸ்மேன் எடுத்துப் போய் டிரைவர் கையில் கொடுப்பார். குண்டு கைக்கு வராமல் வண்டியை நகர்த்த டிரைவருக்கு உரிமை இல்லை. பிளாட்பாரத்தில் முந்நூறு பேர் கத்தினாலும் சரி.

கத்தினார்கள். எதிரே சரக்கு வண்டி வருகிற நாளில் பாசஞ்சரை லூப் லைனில் தள்ளி நிறுத்துவோம். ஜன்னல் வழியாகத் தலைகள் நீளும். பால் கேன்காரர் ஒருவர், வாழப்பாடியிலிருந்து சேலத்து ஓட்டல்களுக்கு ஊற்றுகிறவர், தினமும் என் அறை வாசலுக்கு வந்து நிற்பார்.

"ஏனுங்க மாஸ்டர், இன்னைக்கு எத்தனை நிமிஷமுங்க?"

"கிராசிங் முடிஞ்சதும் விட்டுடுவோம், கொஞ்சம் பொறுங்க."

"பாலு பொறுக்கோணுமில்லைங்க."

நானும் மேலே கேட்பேன். கன்ட்ரோல் போனில் வருகிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: கூட்ஸ் கிளம்பிவிட்டது. சரக்கு வண்டியை நடுவழியில் நிறுத்தி மறுபடி இழுப்பது இஞ்சினுக்குச் சிரமம். அதற்குக் கூலி டன் கணக்கில் வருகிறது. பால்காரர் கையில் இருப்பது மாதச் சீசன் டிக்கெட். சீசனுக்கு ரயில்வே வாங்கிய காசு ஏறத்தாழ பதினைந்து ஒற்றைப் பயணத்துக்கு உண்டானது; அதை வைத்து மாதம் முழுக்கப் போய்வரலாம். வருமானத்தை வைத்து வரிசை போட்டால் அவர் வண்டி கடைசியில்தான் வரும். விதிப்படி நாங்கள் செய்தது சரி. அந்த விதியை எழுதியவர்கள் பால் கேனோடு பயணம் செய்தவர்கள் இல்லை, அவ்வளவுதான்.

காலை வண்டிக்கு என்று ஒரு ஜனம் இருந்தது. ஆத்தூரிலும் பெத்தநாயக்கன்பாளையத்திலும் மரவள்ளி மாவு மில்லுக்காரர்களின் கணக்கப்பிள்ளைகள், சேலத்துச் சேகோ கமிஷன் மண்டிக்குப் போகிறவர்கள். கோர்ட் குமாஸ்தாக்கள். கல்லூரிப் பையன்கள். பூக்கூடைக்காரப் பெண்கள், கூடைக்கு லக்கேஜ் போடுவதா வேண்டாமா என்று டிக்கெட் பரிசோதகரோடு அவர்களுக்குத் தினசரி ஒரு வழக்கு. அவரவருக்கு அவரவர் பெட்டி, அவரவர் மூலை. டிக்கெட் கவுண்டரில் அப்போது அட்டை டிக்கெட். தேதி குத்தும் மிஷினில் நுழைத்து இழுத்தால் 'டக்'கென்று ஒரு சத்தம். சீசன்காரர்களுக்கு அந்த வரிசை கிடையாது, அதில் ஒரு கர்வமும் உண்டு. அவர்களில் ஒருவரைக் கேட்டாலும் ரயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று சொல்லத் தெரியாது. எட்டே முக்காலுக்குள் டவுனில் இறங்கினால் போதும், ஒன்பதரைக்கு எங்கே போக வேண்டுமோ போய்விடலாம். வண்டி ஒன்பதைத் தாண்டத் தொடங்கிய மாதத்தில் சீசன் புதுப்பிக்க வருகிறவர்கள் குறைவார்கள். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு எதுவும் வேண்டாம், கவுண்டரில் உட்கார்ந்தால் தெரியும்.

பஸ் அவர்களை இழுத்துக்கொண்டது. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அண்ணா போக்குவரத்துக் கழகம், அதோடு போட்டி போடும் தனியார் பஸ்கள். ஆத்தூர் ரோட்டில் கையைக் காட்டினால் நிற்கிற பஸ். கட்டணம் அதிகம்தான், ஆனால் கிராசிங் கிடையாது. அதற்கு மேல் 2000-களின் நடுவில் அகலப்பாதை வேலைக்காக லைனையே மூடினார்கள். மூடாமல் மாற்ற முடியாது, அதைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பத் திறந்தபோது தண்டவாளம் புதிது, வேகம் அதிகம். ஆட்கள்தான் வேறு வழக்கத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். இன்று அந்தத் தடத்தில் எழும்பூர் இரவு வண்டி போகிறது, பெங்களூரு காரைக்கால் வண்டி போகிறது. மேல்நாரியப்பனூர் அந்தோணியார் திருவிழாவுக்கு எக்ஸ்பிரஸ்கூட நின்று போகும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து டவுனுக்கு அரை மணிக்கு ஒரு வண்டி மட்டும் இல்லை.

நாமக்கல் கதை இதற்கு நேர் எதிர். அங்கே நெடுநாள் தடமே இல்லை. சேலத்திலிருந்து கரூருக்கு ரயிலில் போகிறவன் ஈரோடு போய், அங்கே மாறி, நூற்றிருபது கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டியிருந்தது. திருச்சி ஈரோடு தடம் 1860-களிலேயே கரூரைத் தொட்டுவிட்டது. காவிரிக்கு வடக்கே அது எட்டிப் பார்க்கவில்லை. ரயில் வராத ஊர் லாரி கட்டியது. நாமக்கல் பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர்கள், டிரெய்லர்கள், முட்டை ஏற்றிக்கொண்டு கேரளம் போகிற வண்டிகள். ரயில் வராததால்தான் லாரி வந்தது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். லாரி முதலாளிகளிடம் சொன்னால் வானம் பார்த்த பூமியையும் மழை பொய்த்த வருஷங்களையும் காட்டுவார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

1996-97 ரயில்வே பட்ஜெட்டில் சேலம் கரூர் புதுப்பாதைக்கு அனுமதி கிடைத்தது. 1997 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து நாமக்கல் தனி மாவட்டமும் ஆனது. 85 கிலோமீட்டர். மல்லூர், இராசிபுரம், புதுச்சத்திரம், களங்காணி, நாமக்கல், லத்துவாடி, மோகனூர், வாங்கல், கரூர். மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே காவிரி. பாலத்துக்கே தனி உழைப்பு. கண்ணெதிரே அக்கரை தெரிந்தாலும், பரிசல் வேண்டாம் என்பவன் அதுவரை பரமத்தி வேலூர் பாலத்தைச் சுற்றித்தான் போனான். வருஷா வருஷம் பட்ஜெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு வந்து, 2013 மே மாதம் பயணிகள் வண்டி ஓடியது. மெட்ராஸ் ரயில்வே சேலத்துக்கு வந்த 1861-இலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்: நாமக்கல் வரையிலான 50 கிலோமீட்டர் சொச்சம் தூரத்தைக் கடக்க ரயிலுக்கு 152 வருஷம்.

முதல் நாட்களில் இராசிபுரத்தில் குடும்பம் குடும்பமாக வந்து ஏறினார்கள். போகிற காரியம் எதுவும் இல்லை; நாமக்கல் வரை போய் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவது. எனக்குக் கண் போனது வண்டியின் இரண்டு முனைகளுக்கு. டெமு என்கிற டீசல் வண்டி; இரண்டு பக்கமும் டிரைவர் அறை. எங்கள் காலத்தில் கடைசி ஸ்டேஷனில் இஞ்சினைக் கழற்றி, பக்கத்து லைனில் ஓட்டி, மறு முனையில் மாட்ட வேண்டும். அதற்கு ஆளும் நேரமும் காலி லைனும் தேவை. இதில் டிரைவர் பிளாட்பாரத்தில் நடந்து மறு முனைக்குப் போனால் வண்டி திரும்பிவிட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கான வண்டிக்கு உலகம் பூராவும் இதுதான் அடிப்படை. தாம்பரத்து மின்சார வண்டியும் 1931-இல் இப்படித்தான்.

வசதி வந்தது, கோடு வந்ததா? 2007 நவம்பர் 1-இல் சேலம் கோட்டம் பிறந்தபோது இனி நம் சார்ட் நம் ஊரில் வரையப்படும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். நாமக்கல் தடத்தில் சென்னை பழனி வண்டி வந்தது. 2024 ஆகஸ்டு முதல் மதுரை பெங்களூரு வந்தே பாரத்கூட நாமக்கல்லில் நிற்கிறது. எல்லாம் தூரத்து வண்டிகள். உள்ளூர்ப் பாசஞ்சரையோ 2023-இல் திருச்சி கரூர் வண்டியோடும் மயிலாடுதுறை திருச்சி வண்டியோடும் கோத்து, மயிலாடுதுறையிலிருந்து சேலம் வரை ஒரே வண்டியாக்கிவிட்டார்கள். மயிலாடுதுறைக்காரருக்கும் தஞ்சாவூர்க்காரருக்கும் நல்லது, ரேக்கும் மிச்சம். ஆனால் காவிரிப் படுகையில் எங்கேயோ ஒரு கேட் மூடாமல் வண்டி அரை மணி நின்றால், அந்த அரை மணி மோகனூர் பிளாட்பாரத்தில் வந்து இறங்கும். ஐந்து மாவட்டம் தாண்டி வருகிற வண்டியை நம்பி யாரும் ஆபீஸ் போக முடியாது.

இதே சேலம் கோட்டத்துக்குள்தான் கோயம்புத்தூர் மேட்டுப்பாளையம் தடமும் இருக்கிறது. 1873-இல் நீலகிரிக்குப் போகிற துரைமார்களுக்காகப் போட்ட 36 கிலோமீட்டர். இன்று அதில் டெமுவைப் போன்ற மின்சார வண்டியான மெமு நாளுக்குப் பல தடவை போய் வருகிறது. காரமடையிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் ஏறி ஜங்ஷனில் இறங்கி வேலைக்குப் போகிறார்கள். அதுவும் ஒற்றைத் தடம்தான். வித்தியாசம், அங்கே அந்த வண்டிக்குக் குறுக்கே வர அதிகம் வண்டி இல்லை. வேலைக்குப் போகிறவர்களும் நேரம் மாற்றச் சொல்லி மனுக் கொடுப்பதை நிறுத்தவே இல்லை.

இராசிபுரத்திலிருந்து காலை எட்டு மணிக்குள் ஒரு வண்டி கிளம்பி, ஜங்ஷனோடு முடியாமல் அப்படியே மார்க்கெட், டவுன் என்று உள்ளே போனால் எப்படி இருக்கும் என்று எங்கள் ஓய்வுபெற்ற கூட்டத்தில் ஒருநாள் பேச்சு வந்தது. ஜங்ஷனில் திசை மாறும். டெமுவோ மெமுவோ என்றால் டிரைவர் முனை மாறினால் முடிந்தது. பழைய கன்ட்ரோலர் ஒருவர் காகிதம் கேட்டு வாங்கி, அங்கேயே ஸ்கேல் வைத்து வரைந்தார். மெயின் லைன் எக்ஸ்பிரஸ்களுக்கு நடுவே ஜங்ஷனைக் குறுக்கே கடக்க ஒரு சின்ன இடைவெளி, மல்லூரில் ஒரு கிராசிங், ஒரு ரேக், இரண்டு செட் சிப்பந்திகள். கிராசிங்குக்காகக் கோடு படுத்தது ஒரே ஒரு இடத்தில், அதுவும் மல்லூரில். டவுன் வந்து சேர்ந்த நேரம் எட்டு நாற்பத்திரண்டு.

"கூட்ஸ் வந்தா?" என்றேன்.

"கூட்ஸ் நிக்கட்டும் மாஸ்டர்," என்றார்.